கண்ணைச் சிமிட்டவும்

இந்தக் கூப்பன் செல்லாது என்று ரம்மி ஆப் மறுபடியும் சொன்னபோது கைலாசத்துக்குக் கோபம் வந்தது. ஆப் மேல் வரவில்லை, கட்டிலில் கிடந்த அப்பா மேல் வந்தது. மனுஷர் அந்த நேரம் பார்த்துத்தான் தொண்டையைச் செருமினார். பேச்சு போயிற்று, கழுத்துக்குக் கீழே ஒரு விரல்கூட அசைவதில்லை, இந்தச் செருமல் மட்டும் போகமாட்டேன் என்கிறது. பஸ் படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே வரச்சொல்லும் அதே கண்டக்டர் செருமல். சும்ம கெடங்க, என்றான் திரும்பிப் பார்க்காமலே. கூப்பனை மறுபடி அடித்தான். கம்பேக் ஐந்நூறு. எல்லாம் பெரிய எழுத்து. சின்ன எழுத்தில் அடித்துப் பார்த்தாயிற்று. பூஜ்யத்துக்குப் பதில் ஓ போட்டுப் பார்த்தாயிற்று. மெசேஜிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினால் கடைசியில் ஒரு இடைவெளியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், அதை அழித்துவிட்டுப் போடு என்று குரூப்பில் எவனோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான், அதையும் செய்தாயிற்று. ஆப்பையே தூக்கிவிட்டு மறுபடி இறக்கினான். போனை அணைத்து, மனசுக்குள் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு திரும்பப் போட்டான். பிள்ளையாருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றியது, தோன்றினதுக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். செல்லாது. பணம் போடும்போது மட்டும் ஒரு நாளாவது செல்லாது என்று சொல்லியிருக்கிறதா இந்த எழவு. காலையில் வந்த மெசேஜை இன்னொரு தடவை திறந்தான். உங்களைக் காணாமல் வாடுகிறோம் ஆவுடையப்பன், திரும்பி வாருங்கள், நீங்கள் போடும் பணத்துக்கு ஐந்து பங்கு எங்கள் அன்பளிப்பு, இன்று மட்டும். போட ஒன்றுமில்லாமல் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்ததை எப்படித்தான் மோப்பம் பிடித்தார்களோ. ஆவுடையப்பனைக் காணாமல் வாடுகிறவர்கள் இந்த உலகத்தில் அவர்கள் மட்டும்தான். பெற்ற மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், அவன் வாடவில்லை.

ஆப் அவனை ஆவுடையப்பன் என்றுதான் கூப்பிடும். கணக்கு அப்பா பெயரில் இருக்கிறது. அவன் பெயரில் இருந்ததை மூட வைத்தவள் கோமதியக்கா. அடுப்படியில் குக்கர் விசிலடித்துக்கொண்டிருக்க, நிரந்தரமாக மூடு என்கிற பொத்தானை அவன் விரலாலேயே அமுக்க வைத்தாள். அமுக்குல. அமுக்குதேங்க்கா. அழுதான்கூட. நிஜமாகத்தான் அழுதான், ஒரு சொட்டுப் பொய் கிடையாது, அதுதான் இதில் பெரிய கூத்து. அப்புறம் அப்பா குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டிலோடு கட்டிலாக வீட்டில் வந்து இறங்கின அதே வாரத்தில் அவருடைய போன் அவன் கைக்கு வந்தது, ஆதார் கார்டு வந்தது, பேங்குக் கார்டு வந்தது. மாத்திரை வாங்கணும், டயப்பர் வாங்கணும், ஓடிபி வந்தால் பார்க்கணும். அந்த வாரமே ஆரம்பித்துவிட்டான். மரியாதைக்காவது ஒரு மாசம் பொறுத்திருக்கலாம். முதல் ரம்மியிலேயே ஜெயித்தான், அப்பா பெயருக்கு ராசி இருக்கிறது என்று நினைத்தான், அந்தக் காசில் அப்பாவுக்குத் தண்ணி மெத்தை வாங்கிப் போட்டான், முதுகில் புண் வராமல் இருக்கட்டும் என்று. கோமதியக்கா மெத்தையைத் தடவித் தடவிப் பார்த்துக் கண் கலங்கினாள். எம் தம்பி மாறிட்டாம்ப்பா. பிறகு அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணம், வைத்தியத்துக்கென்று எல்லாருமாகச் சேர்ந்து தொடக்கூடாது என்று வைத்திருந்தது, அது போன வழியைச் சொல்ல வேண்டாம். தண்ணி மெத்தை மட்டும் மிச்சம். இன்றைக்கு அக்கா வருகிறாள், அப்பாவைத் தூத்துக்குடிக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக. அப்பா போனால் போனும் போகும், பாஸ்புக்கும் போகும். நாளைக்கே பேங்குக்குப் போவாள், சும்மா இருக்கிற ஜென்மமா அவள். அவள் அழுவாள், அது பரவாயில்லை, அழுது முடித்துச் சோறு போட்டுவிடுவாள். அத்தான் சிரிப்பார். நான் அப்பமே சொன்னேம்லா என்று சொல்லிவிட்டு, பல்லுக்குள்ளேயே சிரிப்பார். ஒரே ஒரு நல்ல சீட்டு விழட்டும், எல்லாவற்றையும் எடுத்த இடத்தில் வைத்துவிட்டு ஆப்பைத் தூக்கிக் கடாசிவிடலாம். போடக் கையில் காசு இருக்கிறது. எஸ்தர் சம்பளம். அப்பாவைக் குளிப்பாட்ட, துணி மாற்ற வருகிற பெண்பிள்ளை, அவளுக்கென்று அக்கா அனுப்பினது. அக்கா வந்து கையில தருவாங்க எஸ்தரு என்று காலையில் அவளைச் சிரித்த முகமாய் அனுப்பிவைத்தான், அவளும் சரிண்ணே என்று போனாள்.

உதவி மையத்தைத் திறந்தான். வணக்கம் ஆவுடையப்பன் அவர்களே, நான் நிலா, உங்களுக்கு எப்படி உதவட்டும் என்று வந்தது. நிலா என்று ஒருத்தி இருக்கிறாளா, நிலா என்று பெயர் வைத்துக்கொண்டு எவனாவது மீசைக்காரன் உட்கார்ந்திருக்கிறானா, இல்லை வெறும் மிஷினா. கூப்பன் வேலை செய்யவில்லை என்று அடித்தான். சிரமத்துக்கு வருந்துகிறோம் ஆவுடையப்பன் அவர்களே, கூப்பனைப் பெரிய எழுத்தில் அடித்தீர்களா. அடித்தேன். ஆப்பைப் புதிதாக இறக்கினீர்களா. இறக்கினேன். குறைந்தபட்சத் தொகையைப் போட்டீர்களா. போடுகிறேன், முதலில் கூப்பனை வாங்குங்கள். அங்கே மூன்று புள்ளிகள் எழும்பி எழும்பி விழுந்தன. பின்னால் அப்பா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. இந்தப் புள்ளிகளுக்கும் அந்த மூச்சுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறவன் யார், கைலாசமா, ஆவுடையப்பனா என்று ஒரு நிமிஷம் அவனுக்கே குழம்பியது. உங்கள் கணக்கைப் பார்த்தேன் ஆவுடையப்பன் அவர்களே, இந்தச் சலுகை முழுமையாகச் சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கு மட்டும், உங்கள் நேரடி முகச் சரிபார்ப்பு பாக்கி இருக்கிறது. கைலாசம் அதை வாசித்துவிட்டுத் திரும்பவும் வாசித்தான். முகமா என்று கேட்டான். ஆமாம், உங்கள் முகம்தான், ஆதார் படத்தோடு பொருத்திப் பார்ப்போம், கேமராவைப் பார்த்து ஒருமுறை கண்ணைச் சிமிட்டினால் போதும். எனக்கு உடம்பு சரியில்லை, படுக்கையில் இருக்கிறேன் என்று அடித்தான். அடித்த பிறகுதான் அதில் ஒரு பொய்யும் இல்லை என்று உறைத்தது, ஆவுடையப்பன் நிஜமாகவே படுக்கையில்தான் இருக்கிறார். வருந்துகிறோம் ஆவுடையப்பன் அவர்களே, விரைவில் குணமடைய வாழ்த்துகள், படுத்துக்கொண்டும் செய்யலாம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கூடவே கைகூப்புகிற பொம்மை ஒன்று. அதற்குள் போன் அடித்தது. அக்கா. ஏல, பஸ்ஸு வாகைக்குளம் தாண்டிட்டு, அப்பா சாப்பிட்டாரா, ஸ்பீக்கர்ல போடு. போட்டான். யப்பா, வாகைக்குளம் தாண்டிட்டேம்ப்பா, வந்துட்டே இருக்கேன் பாத்துக்கிடுங்க. கட்டிலில் அப்பாவின் கண்கள் அகலமாயின. காலமெல்லாம் விசில் ஊதி ஏற்றி இறக்கின தடம், அவருக்குத் தெரியாத நிறுத்தமா. வாகைக்குளம் என்றதும் அவர் மனசுக்குள் வல்லநாடு வந்திருக்கும், அப்புறம் பாலம், அப்புறம் கே.டி.சி. நகர், அப்புறம் மகள். அந்தக் கண்ணைப் பார்க்காத மாதிரி கைலாசம் எழுந்து போய் ரேசரைத் தேடினான்.

ஆதார் படத்தில் இருக்கிறவர் மழுங்கச் சிரைத்து மீசையை மட்டும் கத்தரித்துவிட்ட மனுஷர், காக்கிச் சட்டைக் காலர்கூடத் தெரிகிறது. கட்டிலில் இருக்கிறவர் வெள்ளைத் தாடிக்குள் ஒளிந்து கிடந்தார். எந்த மிஷின் ஒத்துக்கொள்ளும். கைலாசம் வெந்நீர் வைத்தான், துண்டு எடுத்தான், சோப்பை நுரைத்தான். தலைக்குக் கீழே இன்னொரு தலையணை கொடுத்து அப்பாவை நிமிர்த்தினபோது அந்த உடம்பின் சூடு கையில் பட்டது, கடைசியாக எப்போது தொட்டோம் என்று யோசித்தான், ஞாபகம் வரவில்லை. எல்லாம் எஸ்தர்தான். ஷேவ் பண்ணிவிடட்டாப்பா, என்றான். அப்பா ஒருதடவை கண்ணை மூடித் திறந்தார். அது எஸ்தர் சொல்லிக்கொடுத்த பாஷை, அக்காவுக்கும் தெரியும். தாத்தா, ஆமான்னா ஒருக்க கண்ண மூடித் தொறங்க, வேண்டாம்னா மூடாம முழிச்சிட்டே இருங்க. அதிலிருந்து அந்த வீட்டில் ஆமாம் என்பதும் வேண்டாம் என்பதும் அந்த இமைகளில்தான் இருந்தன, அவருக்கென்று மிச்சமிருந்த சொத்து அவ்வளவுதான். கைலாசம் ஓரம் தெறிக்காமல், காயம் படாமல், மீசை நுனியைக்கூடக் கத்தரியால் சீராக்கி, கல்யாண மாப்பிள்ளைக்குச் செய்கிற மாதிரி சிரைத்தான். வெந்நீர்த் துண்டால் ஒற்றினான். சொகமா இருக்காப்பா. அப்பா கண்ணை மூடினார், மூடினவர் கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை, அவ்வளவு சுகம். கோணிப்போன வாயில் ஒரு பக்கம் மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டது, சிரிக்கிறார். மகள் வருகிறாள் என்று மகன் அலங்காரம் பண்ணுகிறான், அப்படித்தானே நினைத்திருப்பார், வேறு என்னத்தை நினைப்பார். நல்ல மகன்தான் நான் என்று ஒரு நிமிஷம் நிஜமாக நம்பினான். அக்காவுக்குக் காட்டலாம் இந்த முகத்தை. எஸ்தர் காலையில் இட்டுவிட்ட விபூதியைப் பெருவிரலால் அழித்தான், ஆதார் படத்தில் விபூதி இல்லை. பிறகு போனை எடுத்தான்.

உங்கள் முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள். வைத்தான். வெளிச்சம் போதவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தான். தலையை நேராக வையுங்கள். காதுக்குப் பின்னால் கைகொடுத்து நேராக்கினான். முகம் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை, அதே மீசை, அதே காது. கன்னம். இடது கன்னம் சரிந்து வாயை இழுத்துக்கொண்டு கிடக்கிறது. வட்டத்துக்கு வெளியே தெரியாதபடி இரண்டு விரலைத் தாடைக்குக் கீழே கொடுத்துக் கன்னத்தை மேலே ஏற்றிப் பிடித்தான், சேலை மடிப்பை ஊசி குத்தப் பிடிக்கிற மாதிரி. வட்டம் பச்சையானது. நன்றி ஆவுடையப்பன். இப்போது கண்ணைச் சிமிட்டவும். அந்தப் பெண்குரல் தேன் மாதிரி இருந்தது. சிமிட்டுங்கப்பா, என்றான் கைலாசம். அப்பாவின் கண்கள் போனைப் பார்த்தன. போனைத் தாண்டி அவனைப் பார்த்தன. மறுபடி போனை. ஆட்டம் தொடங்குகிறபோது சீட்டுக் கலைக்கிற சத்தம் இந்த போனிலிருந்துதான் தினமும் வரும், இந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்துதான் வரும். பெரிய டாக்டர் அன்றைக்கே சொன்னார், அவருக்கு எல்லாம் புரியும் தம்பி, சொல்லத்தான் வராது. கைலாசம் அதில் முதல் பாதியை மட்டும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். என்னத்தப் புரியப்போவுது, வயசாயிட்டு, மூளையில ரத்தம் கட்டிட்டு. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினான். இப்போது அந்தக் கண்கள் சிரித்ததை நிறுத்திவிட்டன. ஷேவிங் எதற்கு, வெந்நீர் எதற்கு, விபூதியை ஏன் அழித்தான் என்று ஒவ்வொன்றாக அவர் டிக்கெட்டைக் கிழிக்கிற மாதிரி கிழித்துப் பார்த்து முடித்துவிட்டார், அது கைலாசத்துக்குத் தெரிந்தது. சிமிட்டுங்கப்பா, ஒருக்கத்தான். அவர் சிமிட்டவில்லை. மூடாமல் முழித்துக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்தது, மீண்டும் முயலவும்.

மீண்டும் முயன்றான். கன்னத்தை ஏற்றினான், வட்டம் பச்சையானது, கண்ணைச் சிமிட்டவும், அவர் முழித்தார். இந்த முழியை அவனுக்குத் தெரியும். டிக்கெட் எடுக்காதவன் முன்னால் போய் நின்றுகொண்டு அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார், வைய மாட்டார், இமைக்காமல் பார்ப்பார் அவ்வளவுதான், எப்பேர்ப்பட்ட சண்டியனும் கொஞ்ச நேரத்தில் எடுக்கேன் அண்ணாச்சி என்று பைக்குள் கைவிடுவான். செக்கிங் வருகிறவர்களே அந்தப் பார்வைக்கு முன்னால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். காலேஜுக்குப் போகிறபோது அப்பா பஸ்ஸில் ஏறினால் அவனையும் அப்படித்தான் பார்ப்பார், கூட்டாளிகள் சிரிக்க அவன் டிக்கெட் எடுப்பான். இந்தப் பார்வையை இதுவரை ஒருத்தனும் ஜெயித்தது கிடையாது. யப்பா, இது உங்களுக்குத்தாம்ப்பா, என்றான். உங்க பணத்தத்தான் திருப்பி வைக்கப் போறேன். இன்னைக்கு ஒரு நாள். இதோட சரி. அக்கா மேல சத்தியமா. சத்தியம் என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. அவர் முழித்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, எரிகிறது போல, எரியாமல் என்ன செய்யும், ஜன்னலிலிருந்து வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது. அப்போதும் மூடவில்லை. போன் அடித்தது. வல்லநாடு பாலம் தாண்டிட்டேன்ல, ஆட்டோக்காரன்ட்ட சொல்லிட்டேன், கே.டி.சி. நகர்லயே நிப்பான், இந்தா வந்துட்டேன். சரிக்கா. வெளியே எவன் வீட்டிலோ மிக்ஸி ஓடியது. இந்தக் கிழவருக்கு என்ன வீம்பு, என்று அவனுக்குள் ஏதோ அறுந்தது. சோறு ஊட்டினவன் யார், சரி எஸ்தர் ஊட்டினாள், ஆனால் மெத்தை வாங்கினவன் யார். ஆம்பளையாகப் பிறந்து அசைய ஒரு விரல் இல்லை, இமையை வைத்துக்கொண்டு என்னை நிறுத்துவாரா. கையை ஓங்கினான்கூட. ஓங்கின கையைப் பார்த்தும் அந்த இமை துடிக்கவில்லை. அடிக்கமாட்டான் என்று தெரிந்து துடிக்கவில்லையா, அடித்தாலும் சரி என்று துடிக்கவில்லையா. கையைத் தாழ்த்தினான். அடித்தால் முகம் சிவக்கும், படம் பொருந்தாது.

அப்போதுதான் அது தோன்றியது. எங்கிருந்து தோன்றியது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், தெரியாதது போல இருந்துகொண்டான். சின்னப்பிள்ளையில் பஸ்ஸின் கடைசி சீட்டில் முட்டிபோட்டு வெளியே எட்டிப்பார்த்துக்கொண்டு வருவான், வல்லநாட்டுக் காற்றில் கண்ணில் மண் விழும், அழுவான். அப்பா பையை முதுகுக்குத் தள்ளிவிட்டு, ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிவார். மேல பாரு. அழப்படாது. ஒரே ஊது. விசில் ஊதிப் பழகின வாய், அளவாக ஊதும், ஒரு ஊதில் மண் போய்விடும். கைலாசம் கன்னத்தை ஏற்றிப் பிடித்தான். வட்டம் பச்சையானது. நன்றி ஆவுடையப்பன், இப்போது கண்ணைச் சிமிட்டவும். அவன் போனுக்குப் பக்கவாட்டில் முகத்தைக் கொண்டுபோனான், தன் முகம் வட்டத்துக்குள் வராதபடி, அப்பாவின் முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில். அவர் கண் உருண்டு அவன் உதடு குவிவதைப் பார்த்தது. என்ன செய்யப் போகிறான் என்று அவருக்குப் புரிந்தது. தொண்டையிலிருந்து அந்தச் செருமல் வந்தது, பாதியில் உடைந்தது. கைலாசம் ஊதினான். அளவாகத்தான் ஊதினான். ஆவுடையப்பன் கண்டக்டர் கண்ணை மூடினார். மூடின இமைக்கு அடியிலிருந்து நீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. சரிபார்ப்பு வெற்றி. வாழ்த்துகள் ஆவுடையப்பன். கைலாசத்துக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வெட்கத்தோடேயே கம்பேக் ஐந்நூறு என்று பெரிய எழுத்தில் அடித்தான். வாங்கிக்கொண்டது. எஸ்தர் சம்பளம் கண்ணுக்கு முன்னால் ஊதிப் பெருகி நின்றது, உள்ளே ஏதோ குளிர்ந்து, சந்தோஷம் வந்தது. வந்ததே. அதைச் சொல்லாமல் மறைத்து என்ன ஆகப்போகிறது. பெரிய மேஜையாகப் பார்த்து உட்கார்ந்தான், உள்ளதையெல்லாம் ஒரே ஆட்டத்தில் வைத்தான். சீட்டுக் கலைகிற சத்தம் வந்தது. வாசலில் ஆட்டோ நின்றது.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு துண்டு நுனியால் அப்பாவின் கண்ணை அவசர அவசரமாக ஒற்றிக்கொண்டிருந்தபோது கோமதியக்கா கூடையோடு உள்ளே வந்தாள். என்னல ஆச்சு. தூசி விழுந்துட்டுக்கா, ஊதிவிட்டேன். அவள் கூடையைக் கீழே வைத்தாள். சிரைத்த முகத்தைப் பார்த்தாள், வெந்நீர்ச் சட்டியைப் பார்த்தாள், சோப்பு நுரை காயாத ரேசரைப் பார்த்தாள். அவள் முகம் இளகி ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஷேவ்லாம் பண்ணிவிட்டிருக்கியால, என்றாள். கைலாசம் தலையைக் குனிந்துகொண்டான், அதை அவள் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள். கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். யப்பா, கோமதி வந்திருக்கேன், பாருங்க. அவர் கண்ணைத் திறந்தார். சிவந்து கலங்கி இருந்தாலும் முழுசாகத் திறந்தார். தம்பி உங்கள நல்லாப் பாத்துக்கிட்டானாப்பா, என்று கேட்டாள். அப்பா அவளைப் பார்த்தார். இமைக்கவில்லை. கைலாசம் சுவரோடு ஒட்டி நின்றான். அவள் சிரித்த முகமாய்க் காத்திருந்தாள். அவர் முழித்துக்கொண்டே இருந்தார், எரிந்து சிவந்த கண்ணை ஒரு நூல்கூடத் தாழ்த்தாமல், தன்னிடம் இருந்த பலத்தையெல்லாம் அந்த இரண்டு இமைகளுக்குக் கொண்டுவந்து, மகள் கண்ணுக்குள் முழித்தார். நீர் கோத்து, நிறைந்து, வழிந்தது. அடப் பாவமே, இன்னும் தூசி போகலயே, என்றாள் கோமதி. ஒரு கையால் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பிள்ளைக்கு ஊதுகிற மாதிரி ஆசையாய் ஊதினாள். கண் மூடிக்கொண்டது. மூடினவர் இந்தத் தடவை திறக்கவில்லை. பாருல, ஆமாங்காரு, என்று அவள் தம்பியைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள். சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. அவன் ஆட வேண்டிய முறை வந்திருந்தது.